கற்பனை நாடுகளும் கணிப்பொறிப் படங்களும்

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில், விளையாட்டுக்காக இல்லாத நாடுகளை வரையும் கணிப்பொறி மென்பொருளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் அவையில் எழுவது இயல்பே. ஆனால் இல்லாத ஒரு நாட்டுக்குக் கரையும் ஆறும் மலையும் வகுத்து, அதன் ஊர்களுக்குப் பெயரிடுகிறவர் செய்யும் தொழில், இல்லாத ஒன்றைச் சொல்லால் உண்டாக்கும் கவிஞரின் தொழிலுக்கு மிகத் தொலைவில் இல்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த இலக்கண மரபில் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றவும் வேண்டியதில்லை. நிலம் முதலில் அமைய, அதன்பின் அங்கே மரமும் பறவையும் மாந்தரும் வந்து சேர்வது அந்த மரபின் முறை. மேலைநாட்டுக் கதையாசிரியர் சிலரும் அதே முறையில் தொழிற்பட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கினால்தான் மென்பொருளின் கதை விளங்கும்.

1881-ஆம் ஆண்டின் கோடைப் பிற்பகுதியில், ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் குடும்பத்தோடு தங்கியிருந்தார். வெளியே செல்ல முடியாதபடி மழையும் குளிரும். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அவர் மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்ன், மையும் வண்ணமும் கொண்டு படம் தீட்டிப் பொழுது போக்கினான். அவனுக்குத் துணையாக அமர்ந்த ஸ்டீவன்சனும் ஒரு தீவின் படத்தை வரைந்து, வண்ணமிட்டு, அதற்குப் ‘புதையல் தீவு’ என்று பெயரும் எழுதிவிட்டார். அப்போது கதை என்று ஒன்று அவர் மனத்தில் இருக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் காடுகளுக்குள்ளிருந்து கதைமாந்தர் தலைகாட்டத் தொடங்கினர் என்று 1894-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவரே சொல்கிறார். அந்தத் தீவின் துறைமுகங்கள் தந்த இன்பத்தைச் சொல்ல வந்தபோது அவருக்கு ஒப்புமையாகத் தோன்றியது ஒரு கவிதை வடிவம் என்பதும் இந்த அவைக்குச் சுவையான செய்தி. கதை முதலில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்து 1883-இல் நூலாயிற்று.

அர்சுலா லெ குவின் தம் ‘எர்த்சீ’ நாவல்களில் முதலாவதை 1968-இல் வெளியிட்டார். அவரும் முதலில் செய்தது தீவுக்கூட்டத்தின் படத்தை வரைந்ததுதான். ஜே. ஆர். ஆர். டோல்கீனோ படத்தில் தொடங்கிக் கதையை அதற்குப் பொருந்தச் செய்ததாக 1954-இல் எழுதிய கடிதமொன்றில் தெரிவித்தார். ‘மோதிரங்களின் தலைவன்’ எழுதப்பட்ட ஆண்டுகளில் அவர் மேசைமேல் இருந்த படம், தாள்மேல் தாளாக ஒட்டி, அழித்து, திருத்தி, மீண்டும் ஒட்டிய ஒன்று. ஒரு பகுதியை அவர் கட்டமிட்ட தாளில் வரைந்தார். ஒரு நாளில் ஒருவன் எத்தனை கல் நடப்பான், அன்றிரவு நிலவு எந்தப் பிறையில் இருக்கும் என்பனவற்றை எல்லாம் கணக்கிட்டு, முரண்பட்ட இடங்களில் கதையையே மாற்றினார். தெளிவான பெரும்படங்களை அவர் மகன் கிறிஸ்டோபர் வரைந்து தந்தார். கதையாசிரியரின் விருப்பத்துக்குத் தடையாக நின்றதே அந்தப் படத்தின் பயன். கதைமாந்தன் ஆற்றைக் கடக்க வேண்டுமென்று ஆசிரியர் விரும்பினாலும் பாலம் அங்கே இல்லையென்றால் அவன் சுற்றித்தான் போகவேண்டும். சுற்றிப் போகிற வழியில்தான் பல வேளைகளில் கதை கிடைக்கிறது. எதுகையைத் தேடிப் போன இடத்தில் எதிர்பாராத ஒரு கருத்து கிடைத்த பட்டறிவு இங்குள்ள கவிஞர்களுக்கு இருக்கும்.

எழுத்தாளர்களின் மேசையிலிருந்து இந்தப் பழக்கம் பொதுமக்களின் கைக்கு வந்தது விளையாட்டின் வழியாக. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். இதில் ஒருவர் நடுவராகவும் கதைசொல்லியாகவும் இருந்து, மலைக்கு அடியிலோ பாழடைந்த கோட்டைக்குள்ளோ உள்ள இடங்களை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகி, தாங்கள் செய்வதைச் சொல்லி நடத்திச் செல்கிறார்கள். படம் நடுவரிடம் மட்டும் இருக்கும்; மற்றவர் பார்க்கக் கூடாது. முற்காலத்தில் ஆட்டக்காரருள் ஒருவருக்குப் படம் வரைவதே பொறுப்பாக இருந்தது. ‘வடக்கே முப்பது அடி நீளமுள்ள வழி, அதன் முடிவில் கிழக்கே ஒரு கதவு’ என்று நடுவர் சொல்லச் சொல்ல, கேட்டதை வைத்து அவர் தாளில் கோடிழுக்க வேண்டும். ஆக, ஒரே நிலத்துக்கு இரண்டு படங்கள் உண்டாகின்றன. ஒன்று சொல்லுக்கு முன்னால் பிறந்தது. மற்றொன்று சொல்லைக் கேட்டுப் பிறந்தது. இரண்டும் முழுமையாக ஒத்துப்போவது அரிது. ஒரு கவிதையை எழுதியவர் கண்ட நிலத்துக்கும் கேட்டவர் காணும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி இத்தகையதே என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டு பரவியபின் நாடுகளும் பெருகின. 1980-இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ உலகுக்கு டார்லீன் என்னும் ஓவியர் வரைந்த இரு பெரும் வண்ணப்படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. படம் முழுதும் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டத்தின் அகலம் முப்பது மைல். ஆட்டக்காரர் எத்தனை கட்டம் கடந்தார் என்று எண்ணினாலே பயணத்தின் நாள்கணக்கு தெரிந்துவிடும். புவியியல் பயின்ற கேரன் வின் ஃபான்ஸ்டட் என்னும் அம்மையார், டோல்கீன் நாவல்களை வரிவரியாகப் படித்து, பயணங்களையும் போர்களையும் நிலத்தின் ஏற்றத்தாழ்வுகளையும் கண்டெடுத்து 1981-இல் ஒரு நிலப்படத் தொகுதியாக வெளியிட்டார். 1990-இல் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற விளையாட்டு உலகுக்கும் அவ்வாறே ஒரு தொகுதி செய்தார். அவை பேனாவும் தாளும் கொண்டு செய்த பணிகள். அதே உலகத்துக்கு 1999-இல் வெளிவந்த நிலப்படத் தொகுதி குறுந்தகட்டில் வந்தது. அதைச் செய்தது இங்கிலாந்தின் புரோஃபேன்டசி நிறுவனம்.

இந்நிறுவனம் 1993-இல் ‘காம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. முதலில் டாஸ் இயக்கத்திலும் பின்னர் விண்டோஸிலும் வளர்ந்து, பல பதிப்புகள் கண்ட இதனைக் கற்பது கடினம் என்பது பரவலான பேச்சு. அப்பேச்சில் உண்மை உண்டு. இதன் அடிப்படை ஓவியருக்கான மென்பொருள் அன்று. கட்டடமும் எந்திரமும் வரையும் பொறியாளர்களுக்கான வரைகலை மென்பொருள். எனவே இது கோட்டை வண்ணப் புள்ளிகளாக வைத்துக்கொள்வதில்லை; எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிகிறது என்ற அளவாக வைத்துக்கொள்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு மங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

புதிதாகப் பழகுபவர் முதல் நாளிலேயே தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு மலையை அழிக்க நினைக்கிறார். மற்ற மென்பொருள்களில் பழகிய கை, முதலில் மலையைச் சுட்டிக் காட்டிவிட்டு, பிறகு அழிக்கச் சொல்லும். இங்கே அழித்தல் கட்டளையை முதலில் கொடுத்து, பின்னர் மலையைக் காட்டி, அதன்பின் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, ‘செய்’ என்று உறுதி சொல்லவேண்டும். இலக்கண மொழியில் சொல்வதானால், மற்ற மென்பொருள்கள் ‘மலையை அழி’ என்னும் தமிழ்த் தொடரின் ஒழுங்கில் செயற்படுகின்றன. இதுவோ வினையை முன்னால் வைக்கும் ஆங்கிலத் தொடரின் ஒழுங்கில் செயற்படுகிறது. உறுதிச்சொல்லை மறந்தவர் திரையில் ஒன்றும் நிகழாததைக் கண்டு, கணிப்பொறி பழுதாகிவிட்டதென்று எண்ணி எழுந்து போவதும் உண்டு.

அடுத்த தடை இதைவிட ஆழமானது. புதிய படம் ஒன்றைத் தொடங்கியவுடன் மென்பொருள் கேட்பது, நாடு எத்தனை மைல் நீளம், எத்தனை மைல் அகலம் என்பதை. எளிய கேள்விதான். ஆயினும் பெரும்பாலோர் இதற்கு விடை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். தலைநகரிலிருந்து எல்லைக்கோட்டைக்குச் செய்தி கொண்டுசெல்லும் குதிரைவீரன் இரண்டு மாதம் பயணம் செய்யவேண்டியிருப்பது, நாடு முழுதும் வரைந்து முடித்த பிறகே அவர்களுக்குத் தெரிகிறது. அத்தனை தொலைவிலுள்ள கோட்டையை அந்த அரசன் எப்படி ஆண்டான் என்று ஆட்டக்காரர் ஒருவர் கேட்டுவிட்டால் விடை சொல்ல முடியாது.

தாள், அடுக்கு என்னும் இரு பிரிவுகளும் பலரைக் குழப்புகின்றன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, கடல் அடியிலும் அதன்மேல் நிலமும் அதற்கும் மேல் ஆறும் பிறகு மலையும் எல்லாவற்றுக்கும் மேலே எழுத்தும் வருவது தாள்களின் ஒழுங்கு. எது எதை மறைக்கும் என்பதை அது முடிவு செய்கிறது. அடுக்கு என்பது வேறு. வரைந்த பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று குறிப்பது அதுவே. ஆறு என்ற இனத்தை மட்டும் மறைத்துப் பார்க்கவோ திருத்தவோ அதனால் முடிகிறது. ஆற்றைத் தவறிப்போய் நிலத்துக்கு அடியிலுள்ள தாளில் வரைந்துவிட்டால், வரைந்த ஆறு கண்ணுக்குத் தெரியாது. படத்தில்தான் இருக்கும், ஆனால் நிலத்துக்கு அடியில் இருக்கும்.

மலைகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இத்தகைய படங்களில் நிலம் வானிலிருந்து நேர்கீழாகப் பார்த்ததாக இருக்க, மலைகள் மட்டும் பக்கவாட்டில் நின்று பார்த்தவைபோல் நிற்கின்றன. பழைய ஐரோப்பியப் படங்களின் வழக்கம் அது. ஆகையால் தெற்கிலுள்ள மலை வடக்கிலுள்ளதைச் சற்று மறைக்க வேண்டும். பழகாதவர் தெற்கு மலையை முதலில் வைத்து, வடக்கு மலையைப் பின்னர் வைத்தால், தொலைவிலுள்ள மலை அருகிலுள்ள மலையின் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். இதனை ஒழுங்குபடுத்த ஒரு கட்டளை உண்டு. ஆனால் அதை அறியுமுன் மலைத்தொடர் முழுவதையும் அழித்து மீண்டும் வைத்தவர்கள் மிகப் பலர்.

கடற்கரைக்கு வரலாம். மனிதக் கை இழுக்கும் கரைக்கோடு பெரும்பாலும் வழுவழுப்பாக, உருளைக்கிழங்கைப் போல் அமைந்துவிடுகிறது. இயற்கைக் கரை அப்படியில்லை. பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் 1967-இல் ‘சயன்ஸ்’ இதழில் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை எழுப்பினார். அளக்கும் கோல் சிறுத்துக்கொண்டே போனால் கரையின் நீளம் வளர்ந்துகொண்டே போகும் என்பது, அவருக்கு முன்பே லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்பவர் சேர்த்து வைத்த அளவுகளிலிருந்து தெரிந்தது. பெரிய வளைவுக்குள் சிறிய வளைவும் அதற்குள் மேலும் சிறியதும் அடங்கியிருக்கும் இவ்வடிவங்களுக்கே பிற்காலத்தில் ஃபிராக்டல் என்ற பெயர் வந்தது. மென்பொருள் செய்வது இதன் எளிய வடிவம். வரைபவர் இரு புள்ளிகளைக் காட்டினால், அவற்றுக்கு இடைப்பட்ட கோட்டை ஒடித்து, ஒடிந்த இடத்தைச் சற்றே ஒருபுறம் நகர்த்தி, கிடைத்த துண்டுகளையும் அவ்வாறே ஒடித்துக்கொண்டு போகிறது. கை இழுத்த நேர்கோடு நொடியில் குடாவும் முனையுமாகிவிடும். முதன்முறை பார்ப்பவர்க்கு அது வியப்பு. ஆனால் அந்தக் குடாக்களுள் எதனையும் வரைபவர் கேட்டு வாங்கவில்லை. ஸ்டீவன்சன் தம் துறைமுகங்களை ஒவ்வொன்றாக விரும்பி வரைந்ததை இங்கே நினைவிற்கொள்வது நல்லது.

ஆறுகளைப் பற்றிப் பழகுநர்க்குச் சொல்லப்படும் விதிகள் கண்டிப்பானவை. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். கிளைகள் வந்து கலக்குமே அன்றிப் பிரிந்து செல்லா. ஏரிக்கு வெளியேறும் வழி ஒன்றே. ஒரு கடலில் தொடங்கி மறு கடலில் முடியும் ஆறு கிடையாது. தவறான படங்களைக் கண்டு நொந்தவர்கள் வகுத்த விதிகள் இவை. பெரும்பாலும் சரியானவையும்கூட. ஆயினும் முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதையும், அதன்பின் தஞ்சைச் சமவெளியில் ஆறு எத்தனை பெயர்களில் கிளைக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் இரண்டாம் விதியைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். கழிமுகச் சமவெளியை விதிவிலக்கென்று ஒதுக்கினாலும், தென்னமெரிக்காவில் ஓரினோகோ ஆற்று நீரில் ஒரு பகுதி காசிக்கியாரே என்னும் கிளைவழியே அமேசான் படுகையைச் சேர்கிறது. 1800-இல் ஹம்போல்ட் அவ்வழியே பயணம் செய்தார். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலையில் ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை பசிபிக்கையும் மறு கிளை அட்லாண்டிக்கையும் நோக்கிச் செல்கிறது. விதியை அறிந்து மீறுவதும் அறியாமல் மீறுவதும் ஒன்றல்ல. யாப்பு பயின்றவர்களுக்கு இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். டோல்கீனின் மோர்டோர் நாட்டைச் சுற்றி மூன்று பக்கமும் பெட்டிச் சுவர் போல மலைகள் மடங்கி நிற்பதை நிலவியல் அறிந்தவர்கள் குறைகூறுவதுண்டு. சிறைபோன்ற ஒரு நாட்டுக்கு அப்படிப்பட்ட மலைகள் பொருத்தமே என்றும் கொள்ளலாம்.

அண்மைக்காலத்தில் கற்பது எளிதாகிவிட்டது. ‘வண்டர்டிராஃப்ட்’, ‘இன்கார்னேட்’ போன்றவற்றில் தூரிகையை இழுத்தால் நிலமும், மறுபடி இழுத்தால் காடும் விரிகின்றன. தாளையும் அடுக்கையும் பற்றிய குழப்பம் குறைவு. இவற்றையும் தாண்டி, வரைவதே தேவையில்லாத நிலையும் வந்துள்ளது. பனியாற்று ஆய்வாளரான மார்ட்டின் ஓலியரி 2016-இல் தாமே நாடுகளை ஆக்கும் நிரல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அது மேடுபள்ளங்களை அமைத்து, மழைநீரை ஓடவிட்டு, நீர் அரித்த வழியை ஆறாக்கி, நகரங்களை நீர்வளம் பார்த்து அமர்த்துகிறது. ‘அஸ்கார்’ என்னும் புனைபெயரில் ஒருவர் ஆக்கிய நிரலோ, ஒரே சொடுக்கில் கண்டங்களையும் அரசுகளையும் பண்பாடுகளையும் சமயங்களையும் நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்களையும் சேர்த்தே தந்துவிடுகிறது.

இந்த நிரல்களை இகழ்வது நேர்மையாகாது. ஆறு எப்படி ஓடும் என்பதைப் பல ஓவியர்களைவிட அவை நன்றாக அறிந்திருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. கிடைத்த நாட்டில் ஓர் ஊரைத் தொட்டு, ‘இவ்வூர் ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்டால், படத்தின் உரிமையாளருக்கு விடை தெரியாது. மலையைத் தவறிடத்தில் வைத்து, அழித்து, மீண்டும் வைத்த பழகுநர்க்கு அந்த மலை ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியும். அது பெரும்பாலும் ஒரு பிழையின் வரலாறு. பெயர்களின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. உண்மையான மொழிகளின் ஊர்ப்பெயர்களைத் திரட்டி, எந்த எழுத்துக்கூட்டத்துக்குப் பின் எது வர வாய்ப்பு மிகுதி என்று கணக்கிட்டு, அக்கணக்கின்படி புதிய பெயர்கள் கோக்கப்படுகின்றன. அவை காதுக்கு இனியவை, பொருளற்றவை. லெ குவினின் தீவுகளில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் உண்டு என்பதை எண்ணும்போது இந்த முரண் இன்னும் உறுத்துகிறது. நிரல் தந்த படத்தில் கரையையும் ஆற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஊரையும் பெயரையும் முழுதும் அழித்துவிட்டுத் தொடங்குவதே பழகுநர்க்கு நல்ல பயிற்சி.

வெற்றிடத்தை விட்டுவைக்கவும் பழகவேண்டும். அச்சமோ ஆர்வமோ, புதியவர்கள் படத்தின் ஒவ்வொரு மூலையையும் நிரப்பிவிடுகிறார்கள். நிரப்ப ஒன்றும் இல்லாத கடலில் ஒரு நாகத்தையாவது போட்டுவிடுகிறார்கள். பழைய நிலப்படங்களிலெல்லாம் அறியாத பகுதியில் ‘இங்கே நாகங்கள் உள்ளன’ என்று எழுதியிருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அத்தொடர், 1510-ஐ ஒட்டிச் செய்யப்பட்டு இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள சிறு செப்புக் கோளம் போன்ற ஓரிரண்டிலேயே காணப்படுகிறது. பழங்காலத்தவர் அறியாத இடத்தைப் பல வேளைகளில் வெறுமனே விட்டுவிட்டார்கள். விளையாட்டிலும் நடுவர் விட்டுவைத்த வெற்றிடத்தை நோக்கியே ஆட்டக்காரர்கள் நடக்க விரும்புவார்கள்.

ஸ்டீவன்சனின் படத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். நூலாக்குவதற்காகக் கைப்படியும் படமும் பதிப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. அச்சுப்படிகள் திருத்தத்துக்கு வந்தன. படத்தைப் பற்றிப் பேச்சில்லை. கேட்டபோது, படம் வந்து சேரவே இல்லை என்று விடை வந்தது. மனம்போனபடி ஒரு படத்தை வரைந்து அதற்கேற்பக் கதை எழுதுவது ஒன்று. எழுதி முடித்த கதையின் குறிப்புகளையெல்லாம் பட்டியலிட்டு, கையில் அளவுகோலோடு அவற்றுக்குப் பொருந்தும்படி படம் வரைவது முற்றிலும் வேறு என்று அவர் வருந்துகிறார். ஆயினும் வரைந்தார். கலங்கரை விளக்கப் பொறியாளரான அவர் தந்தையின் அலுவலகத்தில் அது மீண்டும் தீட்டப்பட்டது. கப்பல்களும் நீர் பீய்ச்சும் திமிங்கிலங்களும் அதில் சேர்க்கப்பட்டன; கதையில் வரும் கொள்ளைத் தலைவன் ஃபிளிண்டின் கையெழுத்தைத் தந்தையார் தம் கையால் போட்டுக் கொடுத்தார். நூல்களில் இன்றுவரை அச்சாகி வருவது அந்த இரண்டாம் படத்தின் வழிவந்ததே. அழகிய படம்தான், ஆனால் அது புதையல் தீவாகத் தமக்குத் தோன்றவே இல்லை என்று ஸ்டீவன்சன் எழுதிவைத்தார்.

தானே நாடு ஆக்கும் நிரல்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் வித்து எனப்படும் ஓர் எண் உண்டு. நாடு தொலைந்துபோனாலும், அதே பதிப்பில் அதே அமைப்புகளோடு அந்த எண்ணைக் கொடுத்தால், கரையும் ஆறும் வளைவு மாறாமல் திரும்பி வந்துவிடும். பிரேமாரில் மழைநாளில் வண்ணமிட்ட அந்த முதல் தாள் கிடைக்கவில்லை.